படுகளமும் பகடையும்

கோடைக் காலத்தில் திருவண்ணாமலையிலிருந்து செங்கம், செய்யாறு, வந்தவாசி ஆகிய ஊர்களின் பக்கம் செல்வீர்களானால், வழியில் ஏதேனும் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். பகலில் பாரதச் சொற்பொழிவு நடைபெறும். இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்படும். ஊருக்கு ஏற்பப் பத்து நாள், இருபது நாள் என்று தொடரும் இவ்விழாவின் இறுதியில் வருவதே படுகளம். களிமண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவம் திறந்த வெளியில் மல்லாந்து கிடக்கும். பீமன் வேடமிட்டவரும் துரியோதனன் வேடமிட்டவரும் அதைச் சுற்றி ஓடிப் போரிடுவர். முடிவில் பீமன் அந்த மண்ணுருவத்தின் தொடையில் அடிப்பான். செந்நீர் வழியும். திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள்.

இதைக் கூத்தாகவும் வழிபாடாகவும் நாம் அறிவோம். இன்று இதனை வேறொரு கோணத்திலிருந்து காண்போம். எழுத்திலோ படத்திலோ உள்ள ஒரு தொடர்கதையைத் தரையில் இறக்கி, களம் அமைத்து, உருவங்களை வைத்து நடத்திப் பார்ப்பது எப்படி? மேலைநாடுகளில் படக்கதைகளைச் சிறு பொம்மைகளைக் கொண்டு மேசைமேல் போர் விளையாட்டாக ஆடுவோர் பலர் உள்ளனர். அவர்கள் சந்திக்கும் சிக்கலும் நம் ஊர்ப் படுகளம் எழுப்பும் கேள்வியும் ஒன்றே என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஊரே ஆட்டப் பலகை

பாரத விழாவில் ஊர் முழுவதும் கதையின் நிலப்படமாக மாறிவிடுகிறது. பகாசுரனுக்கு உணவு கொண்டுசெல்லும் வண்டி தெருக்களைச் சுற்றி வரும். அருச்சுனன் தவத்துக்கு உயர்ந்த தபசு மரம் நடப்படும். நடிகர் அதன்மேல் ஏறிப் பாடுவார். போரின் முடிவுக்கு ஊர்ப் பொதுவெளி குருட்சேத்திரம் ஆகும். களம் இருக்கிறது, உருவங்கள் இருக்கின்றன, நாள்தோறும் தொடரும் கதை இருக்கிறது. ஆயினும் இதை விளையாட்டு என்று நாம் சொல்வதில்லை. ஏன்?

விடை எளியது. முடிவு முன்பே தெரியும். எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் துரியோதனன் வீழ்ந்தே ஆகவேண்டும். ஓர் ஆண்டு அவன் வென்றுவிட்டால் திரௌபதியின் கூந்தல் விரிந்தே கிடக்கும். விழாவுக்குப் பொருளே இராது. விளையாட்டோ இதற்கு நேர்மாறானது. யார் வெல்வார் என்பது தெரிந்துவிட்டால் ஆடுவதற்கு ஒருவரும் அமரமாட்டார். ஆகவே கதையை ஆட்டமாக்க முயல்பவர் முதலில் சந்திக்கும் வினா இதுதான்: முடிவைக் கைவிட்டபின் கதையில் எஞ்சுவது என்ன?

சதுரங்கம் முதல் போர்ப் பயிற்சி வரை

உருவங்களைக் கொண்டு போரை ஆடிப் பார்க்கும் வழக்கத்துக்கு நம் நாட்டின் சதுரங்கமே பழைய சான்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். அது பாரசீகம் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஆனால் சதுரங்கப் பலகையில் மலை இல்லை, ஆறு இல்லை, பசியும் இல்லை. இரு தரப்புக்கும் சம வலிமை. உண்மைப் போர் அவ்வாறு நடப்பதில்லை.

இக்குறையை நீக்க முயன்றவர்கள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் ஆவர். மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் 1:8000 அளவுள்ள நிலப்படத்தின்மீது ஆடப்பட்டன. ஒரு முறை ஆட்டம் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இழப்பைப் பகடை முடிவு செய்தது. இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருந்தார். எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும்.

அரசாங்கப் படைக்குரிய இந்தப் பயிற்சியை வீட்டுத் தரைக்குக் கொண்டு வந்தவர்களுள் ஒருவர், அறிவியல் புதினங்களால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட நூலில் பொம்மைச் சிப்பாய்களும் வில்விசையால் சுடும் பொம்மைப் பீரங்கியும் இடம்பெற்றன. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தனர். 1974இல் வெளிவந்த அவர்களது ஆட்டத்தில் ஆடுபவர் படை முழுவதையும் நடத்துவதில்லை. ஒரே ஒரு பாத்திரமாக இருந்து, பல இரவுகள் தொடர்ந்து ஆடுகிறார். இதனால் விளையாட்டு கதைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

செங்கத்தில் தொடங்கிய போர்

‘தொடர்’ என்ற சொல்லை இங்குக் கவனியுங்கள். தனி ஆட்டத்துக்கும் தொடர் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திருவண்ணாமலையின் வரலாறே விளக்கும். 1767 செப்டம்பர் 3ஆம் நாள் செங்கம் கணவாயருகே ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் சேர்ந்த படை, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையைத் தாக்கியது. ஸ்மித் தாக்குதலை முறியடித்தார். ஆனால் அவருடைய வீரர்களுக்கு உணவு போதவில்லை. வென்றவர் களத்தில் தங்க இயலாமல் திருவண்ணாமலையை நோக்கி விரைந்தார். பின்னர் கர்னல் வுட்டின் படை அவருடன் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 26இல் திருவண்ணாமலையருகே நடந்த போரில் ஐதரும் நிசாமும் பின்வாங்கினர். 1768இல் நிசாம் கம்பெனியோடு தனியே உடன்பாடு செய்துகொண்டார். ஐதரோ தளரவில்லை. 1769இல் சென்னையின் வாயில்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார்.

இவ்விரு போர்களையும் தனித்தனியே ஆடினால் ஒவ்வொரு முறையும் முழு வயிற்றோடு புதிய படை களம் இறங்கும். தொடராக ஆடினால் செங்கத்தில் இழந்த வீரர் திருவண்ணாமலையில் இரார். செங்கத்தில் தீர்ந்த அரிசி பின்னரும் தீர்ந்ததே. வெற்றி பெற்றவர் ஏன் பின்வாங்குவார் என்ற புதிர், அரிசிக்குப் பதிலாகச் சில புளியங்கொட்டைகளை எண்ணி வைத்து ஆடும்போது தானே விளங்கிவிடும். ஆட்டம் அளிக்கும் அறிவு இதுவே. நடந்தது இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, வேறு விதமாகவும் நடந்திருக்கலாம் என்பதை அது கண்முன் நிறுத்துகிறது.

படக்கதை மேசைக்கு வந்தது

இனி படக்கதைகளுக்கு வருவோம். 1984இல் அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தின் படக்கதை வீரர்களைக் கொண்டு ஓர் ஆட்டம் வெளிவந்தது. அதன் விதிகளை அமைத்தவர் ஜெஃப் கிரப். அதில் ‘கர்மா’ என்ற பெயரிலேயே ஒரு கணக்கு உண்டு! வீரன் பிறரைக் காப்பாற்றினால் கர்மா சேரும். நெருக்கடியில் அதைச் செலவிட்டுப் பகடையின் முடிவைத் தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளலாம். கொலை செய்தாலோ சேர்த்த கர்மா அத்தனையும் போய்விடும். அப்படக்கதைகளின் நாயகர்கள் ஏன் எதிரியைக் கொல்லாமல் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்பது இவ்வாறு விதியாக மாறியது. கதையின் முடிவு கைவிடப்பட்டது. கதையின் அறம் காக்கப்பட்டது.

இதே முறையை நம் பரமபதத்திலும் காண்கிறோம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் அப்பலகையில் நற்குணம் ஏணியாகும். தீக்குணமும் அசுரரும் பாம்பாவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகை ஆட்டம் இங்கிலாந்தில் பரவியது. நாளடைவில் குணங்களின் பெயர்கள் மறைந்து வெறும் எண்களே எஞ்சின. பாம்பு இருக்கிறது, ஏணி இருக்கிறது, ஆனால் எதனால் ஏறுகிறோம், எதனால் இறங்குகிறோம் என்பது போய்விட்டது.

கதையைத் தொடர் ஆட்டமாக்குவோர் நிகழ்ச்சிகளை அப்படியே திரும்ப நடத்துவதில்லை. 1981இல் எக்ஸ்-மென் படக்கதையில், இயந்திர மனிதர்கள் ஆளும் ஓர் இருண்ட எதிர்காலம் சித்திரிக்கப்பட்டது. 1987இல் அதைத் தழுவி வந்த ஆட்டம் அந்த எதிர்கால உலகையே களமாகக் கொண்டு, அதில் என்ன செய்வது என்பதை ஆடுபவரிடமே விட்டது. 2019இல் வெளிவந்த மார்வெல் சிற்றுருவப் போர் ஆட்டத்தில் வீரரும் வில்லரும் பொம்மைகளாகவே மேசைமேல் நிற்கின்றனர்.

மாயாவிக்கு விதி எழுதுவோம்

நீங்களும் முயன்று பார்க்கலாம். 1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. பிரிட்டனில் 1962இல் பிறந்த பாத்திரம் அது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். மறைந்த நிலையும் நெடுநேரம் நீடிக்காது.

இதில் மூன்று விதிகள் ஒளிந்திருப்பதைக் கண்டீர்களா? மின் இணைப்பு உள்ள கட்டத்தை அடைந்தால்தான் மறையலாம். மறைந்தபின்னும் அருகில் உள்ள காவலன் தாயக்கட்டையை உருட்டிக் கையைக் கண்டுகொள்ளலாம். குறித்த முறைகள் கழிந்ததும் உருவம் மீண்டும் தெரியும். பாத்திரத்தின் ஆற்றலை மட்டும் விதியாக எழுதினால் ஆட்டம் சலிக்கும். அவன் குறையையும் எழுதினால்தான் கதை உயிர் பெறும். ஏரிக் களிமண்ணும் பழைய அட்டைப் பெட்டிகளும் இதற்குப் போதும். ஒருவரை நடுவராக அமர்த்துங்கள். கூத்தில் அவ்வப்போது புகுந்து பாத்திரங்களோடு பேசிக் கதையை நகர்த்தும் கட்டியக்காரனைப் போன்றவர் அவர். விதியில் எழுதாத ஒன்றை யாரேனும் செய்ய விரும்பினால் தீர்ப்புச் சொல்லவேண்டியவரும் அவரே.

பீமனின் அடி

மீண்டும் களிமண் துரியோதனனிடம் வருவோம். கதைப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. கண்ணனின் குறிப்பை அறிந்து பீமன் அவ்விதியை மீறுகிறான். படுகளத்தில் இது நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும். கூடியிருப்போர் ஆரவாரிப்பர். பீமனுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்க அங்கு நேரம் இல்லை.

இதையே ஆட்டமாக அமைத்துப் பாருங்கள். தொடையில் அடித்தால் வெற்றி உறுதி. ஆனால் அதுவரை சேர்த்த அறக்கணக்கு முழுவதும் அழியும். விதிப்படி மார்பில் அடித்தால் கணக்கு காக்கப்படும். ஆனால் வெல்வதும் தோற்பதும் பகடையின் கையில். பதின்மூன்று ஆண்டுகள் விரித்த கூந்தலோடு திரௌபதி காத்திருக்கிறாள். எதிரே நிற்பவனோ கதைப் போரில் உங்களைவிட வல்லவன். ஆடுபவர் இப்போது நீங்கள். கூத்தில் பீமன் செய்வது நமக்குத் தெரியும். தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே அடிப்பீர்கள்?