வடக்கன்குளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டதும், என் நினைவுக்கு வந்தது நம் பேராசிரியர் எங்களை வடக்கன்குளம் அழைத்துப் போன நாள்தான். 1991-ல் நான் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு மாணவன். வள்ளியூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். "ஏல, தாஜ்மகாலைப் பாக்க ஆக்ராவுக்குப் போவீங்க. பக்கத்து ஊர்ல இருக்கறத எப்பல பாப்பீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் சார்.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பழைய பங்கு வடக்கன்குளம். அங்குள்ள திருக்குடும்பக் கோயில் 1872-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குக் 'கால்சட்டைக் கோயில்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பீடம் ஒன்று; அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள் போல் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. சாதிச் சண்டையை அடக்க வழி தெரியாமல், சண்டைக்கு ஏற்றபடி கோயிலையே கட்டிவிட்டார்கள்!

அந்தச் சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. இடிக்க முன்னின்றவர் கௌசானல் என்ற பிரெஞ்சு யேசுசபைக் குரு. அத்தோடு விஷயம் முடியவில்லை. தங்கள் உரிமை பறிபோனதாக வேளாளர் தரப்பு ஆயர் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பெயரால் கோயிலில் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பானது. இந்திய அரசியல் சட்டம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முந்திய தீர்ப்பு இது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் சார் பேச்சுக் கொடுத்தார். "எங்க அப்பாரு காலத்துச் சங்கதி சார் அது. சுவரு விழுந்த பொறவு கொஞ்ச நாளு அவரு கோயிலுக்கே வரல. அம்மாதான் எங்களக் கூட்டிட்டு வருவா" என்றார். எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சார் கேட்ட கேள்விதான் இன்றும் குத்துகிறது. "சுவரு போயிட்டு, சரி. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுல யாரு யாரோட உக்காந்து சாப்பிடுறீங்க? யோசிச்சுப் பாருங்க." பஸ்ஸில் சத்தமே இல்லை. எங்கள் மேஜைகளுக்கு நடுவே சுவர் இல்லை. ஆனால் யார் எந்த மேஜை என்று முதல் வருஷமே முடிவாகியிருந்தது. நானும் மூன்று வருஷம் என் 'ஆட்களோடு'தான் சாப்பிட்டேன். அன்றிரவு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் நான் இல்லை. மறுநாள்தான் போனேன்.

கடந்த ஆண்டு, ஒரு ஞாயிறு காலையில் மீண்டும் அங்கே போனேன். மணி அடிக்கிறது. வெள்ளை முக்காடு போட்ட பாட்டிகள், பைக்கில் வரும் இளைஞர்கள், பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பள்ளிப் பையன். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து பல காலம் ஆயிற்று. பிந்தி வந்தவர்கள் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பூசை முடிந்ததும் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓட, பெரியவர்கள் அன்பியக் கூட்டம் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். வேறு எந்த ஊர்க் கோயிலிலும் காண்கிற காட்சிதான். அந்த இடத்தில் அது சாதாரணமாக நடப்பதே பெரிய விஷயமாக எனக்குப் பட்டது.

இன்னொன்று. மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது இதே வடக்கன்குளத்தில். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. சுவரை இடித்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு அதுவே பொருத்தம்.

சார் இன்று நம்மோடு இல்லை. இன்றைய மாணவச் செல்வங்களே, சங்க விருந்தன்று நீங்கள் எந்த மேஜையில் உட்காருவீர்கள்? எனக்கும் அங்கே ஓர் இடம் போட்டு வையுங்கள்.