மூன்று என்றால் அறுபது சதவீதமா?

சித்தப்பாவுக்கு ஜி.பி.எஸ். (கிலன் பாரே) வந்தபோது அவருடைய கேஸ் ஷீட்டில் "3/5" என்று எழுதியிருந்தார்கள். அப்போ அறுபது சதவீதம் பலம் இருக்குன்னு தல்லாகுளத்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். தப்பு. சாப்ட்வேர் காரனுக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுக்கத்தான் தோன்றும்.

இந்த அளவுகோல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நரம்பு அறுபட்ட சிப்பாய்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்தது. 0 என்றால் அசைவே இல்லை. 1 தசைத் துடிப்பு மட்டும். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும். 5 இயல்பு. இவை படிகள்தான், படிகளுக்கிடையே உயரம் சமமில்லை. முக்கியமாக, 4 என்ற ஒரே படிக்குள் ஏகப்பட்ட பலவீனம் ஒளிந்துகொள்ளும்.

நம்மூரில் இப்படித் தசை தசையாகப் பார்த்ததற்கு ஒரு நல்ல கதை உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது! சதை அழுகவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன. உள்ளங்கையின் சிறு தசைகள் போய்விட்டாலும், முன்கையின் பெரிய தசைகள் பலவும் தப்பியிருந்தன. எது தப்பியது என்று தெரிந்தால் அதன் தசைநாரை மாற்றிப் பொருத்தலாம். 1948 முதல் வேலூரில் அதைச் செய்தார்கள்.

தொழுநோயில் நரம்பு வீங்கும்போது ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். "நமக்கும் அதையே போடலாமே" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். 1978-ல் இங்கிலாந்தில் ஹியூஸ் குழு ஜி.பி.எஸ். நோயாளிகளிடம் அதைச் சோதித்தது. ஓட முடிகிறதா, நடக்க முடிகிறதா, படுக்கையா, வென்டிலேட்டரா என்று 0 முதல் 6 வரை ஓர் ஊன அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு உதவவில்லை. அளக்காமல் இருந்திருந்தால் இன்றும் போட்டுக்கொண்டேதான் இருந்திருப்போம். சித்தப்பாவுக்கு ஐ.வி.ஐ.ஜி. கொடுத்தார்கள்.

ஆறு தசைத்தொகுதிகள், இரண்டு பக்கம், தலா 5: மொத்தம் 60. இந்தக் கூட்டு மதிப்பெண்ணில் சித்தப்பா 54-க்கு வந்துவிட்டார். நடக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தினமும் காலையில் சித்தியைக் கூப்பிடுகிறார், குரலைத் தாழ்த்தி.

ஏன் என்று பட்டியலைப் பார்த்தேன். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். அவ்வளவுதான், விரலே இல்லை! ஹியூஸ் அளவுகோலும் நடையைத்தான் பார்க்கிறது. பிராண்ட் தேடிய அந்தச் சிறு தசைகள் இந்த இரண்டு கணக்கிலும் விழவே விழாது.

2002-ல் நெதர்லாந்துக் குழு ஒன்று வெளியிட்ட அளவுகோல்தான் கைகளைத் தனியாகக் கேட்கிறது: தலை வார முடிகிறதா, பூட்டில் சாவியைத் திருப்ப முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா?

அந்தக் கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதி, அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போனோம். டாக்டர் படித்துவிட்டு முதன்முறையாக சித்தப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கைக்கென்று தனிப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். பொத்தான் இன்னும் வரவில்லை. சாவி திரும்புகிறது.