ஒரே ஆண்டில் வந்த இரண்டு சிப்கள்

இன்டெலின் கோர் ஐ7-7700கே 2017 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. ஏஎம்டியின் ரைசன் 5 1600 அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. அந்த வருஷம் மயிலாப்பூரிலிருந்தோ அடையாறிலிருந்தோ கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ரிச்சி தெருவுக்குப் போனவர்கள், கடைக்குக் கடை இந்த இரண்டு பெயர்களையும் கேட்டிருப்பார்கள். இன்று இரண்டுமே பழசு. ஆனால் பழசான விதம் ஒன்றல்ல. பல வருஷம் உழைக்கும் ப்ராசஸர் எது என்று கேட்பவர்களிடம், புதுச் சிப்களின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஜோடிக்கு என்ன ஆனது என்று பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வாங்கிய நாளில் ஜெயித்தது 7700கே. நான்கு கோர், எட்டு த்ரெட், 4.5 கிகாஹெர்ட்ஸ் வேகம். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 339 டாலர்; கூலர் தனியாக வாங்க வேண்டும். ரைசன் 1600-க்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 3.6 கிகாஹெர்ட்ஸ். விலை 219 டாலர், கூலரும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அன்றைய கேம்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களையே கசக்கிப் பிழிந்தன. அதனால் வேகம் கூடிய இன்டெல் முன்னால் நின்றது. போதாக்குறைக்கு முதல் சில மாதங்கள் ரைசன் போர்டுகள் ரேம் விஷயத்தில் படுத்தி எடுத்தன. குச்சியின் மேல் அச்சிட்டிருந்த வேகத்தில் ரேம் ஓட, பயாஸ் அப்டேட்டுகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று 7700கே வாங்கியவரைத் தப்பு சொல்ல முடியாது.

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் வந்தன. இரண்டிலும் எட்டு கோர். பெரிய கேம்களைச் செய்பவர்கள் அந்தப் பெட்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நான்கு கோர் ப்ராசஸரில் அப்படிப்பட்ட கேமை ஓட்டினால் சராசரி எஃப்பிஎஸ் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கூட்டமான தெருவுக்குள் வண்டி திரும்பும்போதோ வெடி வெடிக்கும்போதோ படம் ஒரு கணம் சிக்கும். கண்ணுக்கு உறுத்துவது அந்தச் சிக்கல்தான். எனவே ப்ராசஸர்களை ஒப்பிடும்போது சராசரியை விட்டுவிட்டு, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் ‘கடைசி ஒரு சதவீத’ எண்ணைப் பாருங்கள்.

அடுத்த அடியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் 7700கே இல்லை, ரைசன் 1600-ம் இல்லை. இதுவரை இரண்டுக்கும் ஒரே கதிதான்.

வழி பிரிவது போர்டில். 7700கே உட்கார்ந்தது எல்ஜிஏ 1151 சாக்கெட்டில். ஒன்பது மாதம் கழித்து இன்டெல் ஆறு கோர் 8700கே-யை அதே 1151 என்ற பெயரில் வெளியிட்டது. ஆனால் பழைய போர்டில் அது வேலை செய்யாது, புதுப் போர்டு வேண்டும் என்று சொல்லிவிட்டது. 7700கே வைத்திருந்தவருக்கு ஏறுவதற்கு அதற்கு மேல் படியே இல்லை. ரைசன் 1600 உட்கார்ந்தது ஏஎம்4 சாக்கெட்டில். அதே பி350 போர்டில், தயாரிப்பாளர் பயாஸ் கொடுத்திருந்தால், 2024 ஜனவரியில் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி வரை பொருத்தலாம். எட்டு கோர், 96 எம்பி எல்3 கேஷ், கூடவே விண்டோஸ் 11. ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எதையும் மாற்ற வேண்டாம்.

அந்தக் கேஷ் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேம் ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை மெமரியில் அங்கும் இங்குமாகத் தேடுகிறது. ஒவ்வொரு முறை ரேம் வரை போய் வருவதற்குள் கோர் சும்மா நிற்கிறது. எக்ஸ்3டி வகையில் சிப்பின் மேலேயே இன்னொரு அடுக்காகக் கேஷை ஒட்டியதால், அந்தத் தேடல்களில் பெரும்பகுதி சிப்பை விட்டு வெளியே போகாமல் முடிந்துவிடுகிறது. கடைசி ஒரு சதவீத எண் நன்றாக உயர்வதற்குக் காரணம் இதுதான்.

பழைய போர்டில் புதுச் சிப் போடும் வசதியை ஏஎம்டி தானாக முன்வந்து கொடுத்துவிடவில்லை. 2020 மே மாதம், புது ரைசன்கள் 400 வரிசைப் போர்டுகளுக்குக்கூட வராது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகே, அதே மாதத்தில் பின்வாங்கியது. பி350 அடங்கிய 300 வரிசைக்கு வழி கிடைக்க 2022 ஆகிவிட்டது. மலிவு விலை பி350 போர்டுகளின் மின்பகுதி எட்டு கோரைத் தாங்குமா என்பதும் போர்டுக்குப் போர்டு மாறும். மாற்றும் வேலையிலும் ஒரு கண்டம் உண்டு. ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். காய்ந்து இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, மெஷினை அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும்.

இன்றைய ஜோடி ஏஎம்5-இல் ரைசன் 7 7800எக்ஸ்3டியும் எல்ஜிஏ 1851-இல் கோர் அல்ட்ரா 7 265கே-யும். கேமுக்கு மட்டும் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை. ரைசன்தான் வேகம். ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் புதுச் சிப்கள் வரும் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1851-க்கு இன்டெல் அப்படி ஆண்டு குறிப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. பகலில் கோடம்பாக்கத்தில் எடிட்டிங், இரவில் கேம் என்று இருப்பவருக்குக் கணக்கு வேறு. 265கே-யில் எட்டுப் பெரிய கோர், பன்னிரண்டு சிறிய கோர். கேமராவிலிருந்து வரும் 4:2:2 எச்.265 காட்சிகளை அதற்குள்ளேயே இருக்கும் க்விக் சிங்க் சிரமமில்லாமல் ஓட்டும். அவர் இன்டெல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

சென்னையில் வெப்பத்தையும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பதைத்தான் கூலர் தீர்மானிக்கிறது. 25 டிகிரி அறையில் 70-ஐத் தொடும் சிப், அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் 83-க்குப் போகும். கேமில் கோர் ஐ9-14900கே-யைவிட 7800எக்ஸ்3டி சில சமயம் 100 வாட் வரை குறைவாகவே எடுக்கும். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட் வரை மிச்சம். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கும் சேர்ந்து மாறுகிறது. ஏசி ஓடும் கோடை மாதங்களில் வீட்டு மீட்டர் அந்தக் கோட்டருகில்தான் நிற்கும்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். வோல்டேஜ் மிகுந்து அந்தச் சிப்கள் தேய்ந்துபோகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் அப்டேட் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது. முந்தைய சொந்தக்காரர் அப்டேட் போட்டாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஏஎம்5-இலும் 2023-இல் சில எக்ஸ்3டி சிப்கள் கருகின. பிறகு பயாஸில் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் கட்டிவைத்தார்கள். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் வாங்கிய அன்றே பயாஸ் அப்டேட் செய்துவிடுங்கள். டிரே சிப்பாக இல்லாமல், மூன்று வருஷ வாரண்டியோடு வரும் பாக்ஸ் பீஸாக வாங்குங்கள்.

பணம் இடித்தால் எக்ஸ்3டியைத் தள்ளிப்போடலாம், போர்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மின்பகுதி உருப்படியாக உள்ள ஒரு பி650 போர்டு, அதில் கூலரோடு வரும் ஆறு கோர் ரைசன் 5 7600, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 குச்சிகள். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருக்கிறது. அதற்காக இப்போது இரண்டு சின்னக் குச்சி, பிறகு இன்னும் இரண்டு என்று திட்டம் போடாதீர்கள்; ஏஎம்5-இல் நான்கு குச்சி செருகினால் வேகம் நன்றாகவே இறங்கும். போர்டு எடுக்கும்போது பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், நாலைந்து வருஷம் கழித்து வாங்கும் புதுச் சிப்பை அந்தப் போர்டு அடையாளம் காணாவிட்டாலும், ப்ராசஸரே இல்லாமல் ஒரு பென் டிரைவை வைத்துப் பயாஸை ஏற்றிவிடலாம்.