பாலையில் எழுந்த அலை

அரிசோனாவுக்குக் கடற்கரை கிடையாது. அதன் தலைநகரான ஃபீனிக்ஸில் ஆண்டு மழை சராசரியாக எட்டு அங்குலம்கூட இல்லை. அந்நகரை ஒட்டிய டெம்ப்பியில் 1969இல் கடலலை எழுந்தது. பிக் சர்ஃப் என்று பெயரிடப்பட்ட அந்த நீர்ப் பூங்காவில்தான் அமெரிக்காவின் முதல் அலைக்குளம் அமைந்தது. உயரத்தில் தேக்கிய நீரை மதகுகள் வழியே ஒரேயடியாகக் கீழே விட்டால், அது குளத்தின் மறுகரை வரை அலையாக ஓடும். வடிவமைப்பாளர் ஃபில் டெக்ஸ்டரின் யோசனை இவ்வளவுதான். (கழிப்பறைத் தொட்டியின் தத்துவம் என்று எவரேனும் சிரித்தால் தவறில்லை.) பணம் போட்டது கிளெய்ரால் என்னும் தலைமுடிச் சாய நிறுவனம். கடலை நேரில் கண்டிராத சிறுவர்கள் அங்கே பலகை மீது நின்று அலையேறக் கற்றார்கள்.

பாலைவனத்தில் இத்தனை ஆடம்பரமா என்று முகம் சுளிப்பது நமக்கு எளிது. ஆனால் அலைக்குளத்து நீர் அதே குளத்திலேயே மீண்டும் மீண்டும் சுழல்வது. அரிசோனாவின் நீரில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடிப்பவை வயல்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த நீர் முன்பு யாருடையதாக இருந்தது?

சால்ட், கிலா என்னும் இரண்டு ஆறுகளின் கரைகளில், தொல்லியலாளர் ஹோஹோகம் என்று அழைக்கும் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்கள். இரும்புக் கருவியோ வண்டியிழுக்கும் விலங்கோ இல்லாமல், மரக்கோலும் கல்லும் கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டினார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்தன. உழைத்துக் களைத்த மக்கள் என்று மட்டும் அவர்களைக் கற்பனை செய்துவிடக் கூடாது. தரையை நீள்வட்டமாகத் தோண்டி, அள்ளிய மண்ணையே சுற்றிலும் கரையாக உயர்த்திப் பந்தாடு களங்கள் அமைத்தார்கள். அத்தகைய களங்கள் 200க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. பல ஊரார் கூடிப் பண்டம் மாற்றிக்கொண்ட இடமும் அதுவாக இருக்கலாம் என்பது அறிஞர் ஊகம். 1450 வாக்கில் அந்த ஊர்கள் வெறிச்சோடின. வெள்ளமா, வறட்சியா, உப்பேறிய நிலமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867இல் வந்த ஜாக் ஸ்வில்லிங் கண்டது தூர்ந்து கிடந்த அந்தத் தடங்களைத்தான். அவற்றைத் தொடர்ந்தே புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழுகிறது என்பதால் ஊருக்கு ஃபீனிக்ஸ் என்று பெயரிட்டவர் டாரல் டப்பா என்ற ஆங்கிலேயர் என்பார்கள். 1911இல் ரூஸ்வெல்ட் அணை எழுந்தது. கால்வாய்க் கரையின் மரநிழலில் சிறுவர் நீந்திக் களித்த காலம் அது. நீர் வீணாகிறதென்று பின்னாளில் மரங்களை வெட்டிக் கரைகளுக்குக் காரை பூசினார்கள்.

பெயர் சூட்டியவர்களின் உவமையில் ஒரு பிழை உண்டு: சாம்பலாகாத மக்கள் அருகிலேயே இருந்தார்கள். கிலா ஆற்றங்கரையில் வாழ்ந்த அக்கிமெல் ஊதாம் மக்கள், ஹோஹோகமைத் தம் முன்னோர் என்றே சொல்பவர்கள். அவர்களின் பெயருக்கே ஆற்று மக்கள் என்று பொருள். 1849இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கு உணவளித்தவர்கள் அவர்கள். பின்னர் படைமுகாம்களுக்குக் கோதுமை விற்றார்கள். 1870களிலும் 80களிலும் மேல்மடையில் குடியேறியோர் ஆற்றைத் திருப்பிக்கொள்ள, கடைமடையில் இருந்த இவர்களின் வயல்கள் காய்ந்தன. பிறருக்குத் தானியம் விற்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். கடைமடைக்காரரின் துயரம் காவிரிக்கரை வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாதது.

அணைகளால் சால்ட் ஆறும் வறண்டது. அதன் வெற்று மணற்படுகையில் டெம்ப்பி நகரம் இருமுனையிலும் ரப்பர் அணை போட்டு 1999இல் ஓர் ஏரியை உண்டாக்கியது. படகுப் போட்டிகள் நடந்தன. கரையில் மாடிக் கட்டடங்கள் முளைத்தன. 2010 ஜூலையில் ரப்பர் அணை ஓரிரவில் வெடித்து, ஏரி முழுவதும் ஆற்றோடு போயிற்று. ஏரியைத் திரும்ப நிரப்பினார்கள். 2016இல் எஃகு மதகுகளும் வந்தன. பிக் சர்ஃபுக்கு அந்த மறுவாழ்வு வாய்க்கவில்லை. 2020இல் பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பூங்கா பிறகு திறக்கவேயில்லை.

ஆற்று மக்களின் வழக்கு தலைமுறைகளைத் தாண்டி நீண்டது. 2004இல் அமெரிக்கப் பேராயம் இயற்றிய சட்டம் அவர்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி நீரை உறுதி செய்தது. அதில் பெரும் பங்கு தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியே வருவது. அதில் ஒரு பகுதியை நிலத்தடியில் சேமிப்பதற்காகக் காய்ந்த கிலாவின் படுகையிலேயே விடுகிறார்கள். அந்த ஈரத்தில் சம்பங்கோரை தானாகவே முளைத்திருக்கிறது. கூடை முடைவதற்கு அவர்களின் பாட்டிகள் பறித்த அதே கோரை.