தனிமையே விலை: 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடுப்பூசி விலக்கும் செஞ்சி வட்டாரப் பள்ளிகளும்

பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசியை நிபந்தனையாக்கலாமா, ஆக்கினால் யாருக்கெல்லாம் விலக்கு தருவது என்ற விவாதத்தில் தமிழ்நாடு ஒரு வெற்றிடமாகவே காட்டப்பட்டு வருகிறது. இங்கே கட்டாயம் இல்லை, ஆகவே விலக்கும் இல்லை. விலக்கு என்ற எண்ணமே கோவிட் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போடுதான் நுழைந்தது என்பது அந்த ஆய்வுப் போக்கின் சாரம். இதை ஏற்பதற்கில்லை. அந்தத் தீர்ப்புக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய சென்னை மாகாணச் சட்டம் ஒன்றிலேயே ஒரு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. இன்று தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்று வழங்கும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவாக அது நிற்கிறது. அதை அதன் இடத்தில் வைத்துப் படித்தால், விலக்கு என்பது சேர்க்கைப் படிவத்தோடு ஒட்டியதன்று, நோய் பரவும் நாட்களோடு ஒட்டியது என்பது விளங்கும். செஞ்சி போன்ற ஓர் ஊருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

பிரிவின் அமைப்பு இதுதான். அறிவிக்கப்பட்ட நோய் ஒன்று ஒரு பகுதியில் பரவினாலோ பரவும் அபாயம் இருந்தாலோ, சுகாதார அலுவலருக்கு அரசு சிறப்பு அதிகாரங்கள் கொடுக்கலாம். தடுப்பூசியைக் கட்டாயமாக்குவது அவற்றுள் ஒன்று; இரண்டாம் உட்பிரிவின் (பி) கூறு அது. ஆனால் அந்தக் கூறு தனித்து நிற்கவில்லை, மூன்றாம் உட்பிரிவுக்குக் கட்டுப்பட்டே நிற்கிறது. ஊசி தன் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் என்று, விஷயத்தைக் கவனமாக விசாரித்தறிந்தபின் நம்புவதாக ஒருவர், இதற்கென அதிகாரமளிக்கப்பட்ட நடுவர் முன் அறிவிக்கலாம். பிறகு, சுகாதார அலுவலர் சொல்லும் விதத்தில் தனிமையில் இருக்கவும் பிற கட்டுப்பாடுகளை ஏற்கவும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் விலக்குப் பெறலாம். உறுதிமொழியை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2021 நவம்பரில் கோவிட் தடுப்பூசி இல்லாதவர்கள் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்று பொதுச் சுகாதாரத் துறை ஆணையிட்டபோது துணைக்கழைத்தது இதே (பி) கூறைத்தான். அப்போது எழுந்த விவாதம் பெரும்பாலும் அதிகாரத்தைச் சுற்றியே நடந்தது. அதற்கு அடுத்தபடியாக நிற்கும் விலக்கைப் பேசியவர் குறைவு.

இந்த உட்பிரிவைக் கவனித்தவர்களும் அதை இங்கிலாந்தின் மனச்சான்று விலக்கினுடைய நகல் என்று கூறிக் கடந்துவிடுகிறார்கள். சாயல் உண்டு என்பதை மறுக்க முடியாது. அங்கே 1898ஆம் ஆண்டுச் சட்டம், அம்மைக் குத்தல் குழந்தையின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று மனச்சான்றின்படி நம்பும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. 1907இல் வெறும் எழுத்துமூல அறிவிப்பே போதும் என்றாயிற்று. ஆனால் சாயலைத் தாண்டிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு பொருட்கள். இங்கிலாந்தின் விலக்கு பிள்ளை பிறந்த சில மாதங்களுக்குள் வாங்கி வைத்துக்கொள்வது. ஒருமுறை வாங்கினால் ஊரில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். அதற்கு ஈடாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. சென்னை விலக்கோ நோய் வந்த பிறகே பிறக்கிறது, நோயோடு முடிகிறது, தனிமையை விலையாகக் கேட்கிறது. நகலெடுத்தவர்கள் மூலத்தின் முதுகெலும்பையே மாற்றிவிட்டார்கள் என்றால் அதை நகல் என்பது பொருந்தாது. இன்னொன்று: இதில் சமயத்துக்கு இடமே இல்லை. நோயை மாரியம்மனின் வருகையாகக் கொண்டாடி, வாசலில் வேப்பிலை செருகி வைக்கும் ஒரு மாகாணத்துக்குச் சட்டம் எழுதியவர்கள், தெய்வத்தின் பெயரால் மறுப்பவருக்குக் கதவு திறக்கவில்லை. விசாரித்தறிந்த நம்பிக்கையைத்தான் கேட்டார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சமய விலக்கோடு இதை ஒரே கட்டில் வைத்து ஒப்பிடுவது ஆகாது. சட்டம் பிறந்த காலத்தில் மாகாண முதன்மை அமைச்சராக இருந்தவர் ராஜாஜி, சுகாதாரம் டி.எஸ்.எஸ். ராஜனிடம் இருந்தது. அதே ராஜாஜி 1955இல் பி.சி.ஜி. ஊசி இயக்கத்தை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். இதை வைத்து மூன்றாம் உட்பிரிவு அவர் கைவண்ணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த அமைச்சரவையில் இப்படிப்பட்ட ஐயத்துக்கு இடம் இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

விலக்கு எழுத்தில் இருப்பது ஒன்று, எடுத்துக்கொள்ளக் கூடியதாக இருப்பது வேறு. செஞ்சி ஒரு வட்டத் தலைநகர். நெல்லும் மணிலாவும் விளையும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அரசுப் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு இங்குள்ள பள்ளிகளுக்கு வருகிறார்கள். தட்டம்மைக் கிருமிக்கு அந்த ஒரு மணி நேரப் பயணமே போதும். களையெடுக்கப் போகும் ஒரு தாய் இந்த விலக்கைக் கோர வேண்டுமானால், ஒரு நாள் கூலியை விட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், மனு எழுதுபவருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு ஒற்றை அறை வீட்டில் பிள்ளையைத் தனிமைப்படுத்த வேண்டும். நடக்கிற காரியமா? மாடி வீட்டுக்காரருக்கு அது சில வார ஓய்வு. ஆகவே இந்த விலக்கு, காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், நடப்பில் இடவசதி உள்ளவருக்கே உரியது. ஊரார் எடுத்துக்கொள்ளும் விலக்கு வேறு விதமானது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கம் பள்ளிகளில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிய பெற்றோர் பலர் நடுவரையும் தேடவில்லை, மனுவும் எழுதவில்லை. ஊசி போடும் நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். தமிழகம் நடைமுறையில் அறிந்த விலக்கு ஒரு நாள் விடுப்புதான்.

இனி 2022 தீர்ப்பு. உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் கூறில் அடங்கும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சொன்னது உண்மை. இதோடு பள்ளி நிபந்தனைகள் எல்லாம் செத்துவிட்டன என்று முடிவு கட்டுவோர் அடுத்த பக்கங்களைப் புரட்டுவதில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக அரசு தனிமனித உரிமைகளுக்கு வரம்பிடலாம், அந்த வரம்பு அளவோடு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்கிறது தீர்ப்பு. கோவிட் ஊசி போடாதவர் மீதான கட்டுப்பாடுகளை அது ஏற்காததற்குக் காரணம், ஊசி போடாதவரால் போட்டவரைவிட அதிகமாகத் தொற்று பரவும் என்பதற்கு அரசுகள் தரவு காட்டவில்லை என்பதே. அவற்றை மறுபரிசீலிக்கச் சொல்லும் தன் யோசனை அன்றைய நிலைமைக்கு மட்டுமே உரியது என்றும் தீர்ப்பு வரம்பு கட்டுகிறது. எனவே அது உரிமையை மட்டும் பேசும் தீர்ப்பன்று, சான்றைக் கேட்கும் தீர்ப்பு. தட்டம்மையில் அந்தச் சான்று உண்டு: எதிர்ப்பாற்றலே இல்லாத ஒரு சமூகத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேர் வரை தொற்றவைக்கலாம் என்பதும், இரண்டு தவணை ஊசி பரவலையே நிறுத்துகிறது என்பதும், சுமார் 95 சதவீதத்தினருக்கு ஊசி எட்டினால்தான் சங்கிலி அறும் என்பதும் நெடுநாள் அறிந்தவை.

அப்படியானால் சேர்க்கையின்போதே ஊசி அட்டையைக் கேட்டுவிடலாமே என்பார்கள். கேட்கக் கூடாது, அதற்குக் காரணம் புலியேல் தீர்ப்பு அல்ல, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூட ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவு சொல்லும்போது, ஊசிச் சான்றை மறுப்புக்குக் காரணமாக்க இடமில்லை. தவிர, பள்ளி வாசல் காலம் கடந்த வாசல். தட்டம்மை ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஐந்து வயதில் கேட்பது, ஆபத்தான காலம் கழிந்தபின் கணக்குக் கேட்பதாகும். தமிழ்நாட்டின் உண்மையான நிபந்தனை வேறோரிடத்தில் இருக்கிறது: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகள் குழந்தைக்குரிய ஊசிகளோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன, புதன்கிழமை ஊசி போடும் நர்சம்மாவின் பதிவேடுதான் அதன் வாசல். 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றோர் பங்கு, 2015–16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்து, 2019–21இல் ஏறத்தாழ 89 ஆனது. நிதியுதவி ஒன்றே காரணம் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. பள்ளிக் கட்டாயம் இல்லாமலே இந்த ஏற்றம் வந்தது என்பது மட்டும் உறுதி.

நூற்றுக்கு மீதி 11 பேரை என்ன செய்வது என்று கேட்கலாம். அவர்களில் பெரும்பாலோர் மறுப்பாளர்கள் என்று கொள்வது சோம்பல். வேலை தேடி இடம்பெயரும் செங்கல் சூளைக் குடும்பங்களில் அட்டை தொலைவதும் தவணை தவறுவதும் கொள்கைப் பிடிவாதமன்று. உண்மையான மறுப்பாளர்களுக்கு 76(3)இன் தர்க்கமே போதும்: நோய் இல்லாத நாளில் பள்ளி திறந்தே இருக்கும், நோய் வந்தால் ஊசி போடாத பிள்ளை சில வாரம் வீட்டில் இருக்கும். சட்டம் ஒருவர் தன் உடலைப் பற்றி அறிவிப்பதையே பேசுகிறது, பிள்ளைக்காகப் பெற்றோர் அறிவிப்பதைச் சொல்லவில்லை என்ற தடை சரியானதே. ஆனால் பள்ளி ஊசி இயக்கத்தில் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாக்கிய பிறகு, இதை ஒரு விதித் திருத்தத்தால் தீர்த்துவிடலாம். தீராதது தனிமையின் செலவு. செஞ்சியில் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளையை மூன்று வாரம் வீட்டில் நிறுத்தினால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தே நிற்கும். அந்த ஆணையில் கையெழுத்திடும் அலுவலர், அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வரியையும் அதே தாளில் எழுத வேண்டும். நடுவர் முன் அறிவிப்பு என்பதைத் தலைமையாசிரியர் முன் அறிவிப்பு என்று மாற்ற வேண்டும். இவ்விரண்டும் இல்லாத விலக்கு, மாடி வீட்டுக்காரருக்கு 1939இல் கிடைத்த அதே விலக்குதான்.