வைக்கோலைப் பதப்படுத்திய வரலாறு

மென்பொருள் நிறுவனங்களின் முகவரியாக மாறுவதற்கு முன், சிறுசேரியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சிற்றூர்களாக இருந்தன; சம்பா, நவரை, சொர்ணவாரி என ஒவ்வொரு போக அறுவடையிலும் களத்தில் சேர்ந்த வைக்கோலைப் போர் போட்டு வைத்து, கோடை முழுவதும் மாடுகளுக்குப் பிடுங்கிப் போட்டனர்.

வயிற்றை நிரப்பிய அளவுக்கு அந்த வைக்கோல் மாட்டுக்கு வலுவூட்டவில்லை. அதில் மிகுதியாக உள்ள செல்லுலோஸ், குளுக்கோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சுரக்கும் நொதிகள் அதை வெட்டிச் சர்க்கரையாக்க வல்லவை என்றாலும், தாவரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்னும் பொருள் இடையில் நின்று நொதிகளை அண்டவிடுவதில்லை. இந்தத் தடையை முன்கூட்டியே தளர்த்துவதே முன்பதப்படுத்தல்.

முதல் உலகப்போர்க் காலத் தீவனப் பஞ்சத்தை அடுத்து, ஜெர்மானிய வேதியியலாளர் பெக்மன் 1921-இல் விளக்கிய முறை, வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து அலசுவதாக இருந்தது. அதற்குத் தண்ணீர் ஏராளமாகத் தேவைப்பட்டதோடு, கரையும் சத்தும் அலசலில் போயிற்று. 1980-களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பரப்பப்பட்ட முறை எளியது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால், யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா லிக்னினின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, வைக்கோலின் நைட்ரஜன் அளவையும் கூட்டுகிறது. 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், சிறுசேரிக்கு மேற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடை உணவியல் ஆய்வுக்கென்றே ஒரு நிலையத்தை நடத்துகிறது. உழவர்களுக்கு அது பரிந்துரைக்கும் தீவன முறைகளில் யூரியா வைக்கோலும் ஒன்று.

ஆயினும் அம்முறை ஊர்தோறும் வேரூன்றவில்லை. வேதியியலில் குறையில்லை, தண்ணீர் சுமக்கவும், தெளிக்கவும், மிதித்து மூடவும் ஆள் வேண்டும், யூரியாவுக்கும் மூடும் தாளுக்கும் காசு வேண்டும், அவ்வளவு செலவழித்தபின் கூடுதலாகக் கிடைக்கும் பாலோ இரண்டொரு மாடு வைத்திருந்தவருக்கு ஈடாகவில்லை. சிறுசேரியில் பின்னர் வயல்களும் போயின, சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது.

அதே வேதியியல் இன்று தொழிற்சாலைக்குள் நுழைந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்டது. அங்கும் முதல் வேலை முன்பதப்படுத்தலே, அதன் பின்னரே நொதிகள் சர்க்கரையைப் பிரிக்கின்றன. வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலைத் திரட்டிக் கட்டி ஆலைவரை கொண்டுவரும் உழைப்புக்கு உரிய விலை தராத எந்தத் திட்டமும், மாட்டுக் கொட்டிலில் யூரியா முறை நின்ற இடத்திலேயே நிற்கும்.