மாலை ஏழு மணிக்குத் திறக்கும் கதவு: ஷென்மூ ஆட்டமும் ஒரு கூத்தராற்றுப்படையும்

மதுக்கடை ஒன்று மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். இப்போது மணி இரண்டு. கதாநாயகன் தெருவில் நிற்கிறான். அவனுடைய தகப்பனைக் கொன்றவனைப் பற்றித் துப்பு சொல்லக்கூடிய ஆள் அந்தக் கடைக்குள் வருவான். ஆனால் கடை திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. நேரத்தைத் தள்ளிவிட ஒரு பொத்தான்கூடக் கிடையாது. சும்மா நடக்கலாம், பூனைக்குட்டிக்குத் தீனி வைக்கலாம், காசு போட்டுப் பொம்மை எடுக்கலாம், தெருவில் போகிற கிழவியிடம் வழி கேட்கலாம். கொலைக்குப் பழிவாங்கப் புறப்பட்டவனைத் தெருவில் நிற்க வைத்து வேடிக்கை பார்க்கச் சொன்ன இந்த வீடியோ கேமின் பெயர் ஷென்மூ. ஜப்பானில் 1999 டிசம்பர் 29 அன்று சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்காக வெளியானது.

டிரீம்காஸ்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. திருவண்ணாமலையில் எங்கள் தலைமுறைக்கு வாய்த்தது பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்த வைஸ் சிட்டிதான். ஒருத்தன் ஆட, நாலு பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்துவோம். 'டைம் முடிஞ்சுடுச்சு, எந்திரிங்கடா' என்று கடைக்கார அண்ணன் வந்து திரையை அணைக்கும்வரை கார் திருடுவோம், சுடுவோம், ஓடுவோம். அந்த நகரத்தில் எங்களுக்கு நினைவில் நிற்கிற ஒரு மனிதன்கூட இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஷென்மூவின் முதலிரண்டு பாகங்களும் கணினிக்கு மறுவெளியீடு ஆகி, பிறகு ஒரு நண்பரின் மடிக்கணினியில் ஆடியபோதுதான் உறைத்தது. முதல் நாள் கடும் அலுப்பு. மூன்றாம் நாள் அந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்குக் கடை திறப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

இதை உருவாக்கிய யு சுஸுகி 1958-இல் பிறந்தவர். ஹேங்-ஆன் (1985), அவுட் ரன் (1986), விர்ச்சுவா ஃபைட்டர் (1993) என்று, காசு போட்டுச் சில நிமிடங்கள் ஆடும் எந்திரங்களைச் செய்து பெயர் வாங்கியவர். நாணயத்தின் காலக்கணக்கில் பழகியவர் அதிலிருந்து தப்பிக்க எடுத்த முயற்சியாகவே ஷென்மூவை நான் பார்க்கிறேன். ஆரம்பத்தில் இது விர்ச்சுவா ஃபைட்டரின் பாத்திரங்களை வைத்துச் சாட்டர்ன் கருவிக்கு எழுதப்பட்ட கதை. பிறகு உருமாறி யோகோசுகா நகரம், 1986, ரியோ ஹசுகி என்ற இளைஞன் என்று ஆனது. சந்தைப்படுத்தும் செலவும் சேர்த்து 4 கோடியே 70 லட்சம் டாலர் ஆனதாக சுஸுகி பிற்பாடு சொன்னார். விற்றது சுமார் 12 லட்சம் பிரதிகள். 2001 ஜனவரியில் சேகா டிரீம்காஸ்டைக் கைவிட்டுக் கருவித் தொழிலிலிருந்தே வெளியேறியது. ஷென்மூதான் சேகாவைக் கவிழ்த்தது என்பது ஒரு சௌகரியமான கதை. அதற்கு முந்தைய கருவிகளின் தோல்வியையும், சோனியின் இரண்டாவது பிளேஸ்டேஷன் வந்து நின்றதையும் மறைத்துவிட்டு ஒரு கலைஞனின் பேராசைமீது பழி போடுவது முதலாளிகளுக்கு எப்போதும் வசதி.

திறந்த உலகம் என்ற சொல் இன்று விளம்பர வாசகம். அதற்கு முன்னோடிகள் உண்டு: வெறும் சொற்களாலேயே கென்டக்கிக் குகைகளுக்குள் ஆளை நடத்திச் சென்ற வில் க்ரவுதரின் ஆட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. எலைட் 1984, செல்டா 1986. ஆனால் இவற்றில் உலகம் என்பது பரப்பு. ஷென்மூவிலோ உலகம் என்பது பொழுது. சில தெருக்கள், ஒரு துறைமுகம், ஒரு வீடு, அவ்வளவுதான் இடம். அதற்குள் ஆட்கள் தத்தம் வேலைக்குப் போகிறார்கள், வீடு திரும்புகிறார்கள், கடையை மூடுகிறார்கள். ஆட்டத்தை ஒருமுறை முடித்தவர்கள், 1986-இல் யோகோசுகாவில் உண்மையிலேயே பதிவான வானிலைப்படி மழையும் பனியும் பெய்யும்படி வைத்துக்கொள்ளலாம். வீட்டுவேலை செய்யும் இனே அம்மாள் ரியோவுக்கென்று தினமும் காலையில் 500 யென் எடுத்து வைக்கிறாள். இரவு பதினொன்றரைக்கு அவன் வீட்டில் இருந்தாக வேண்டும். பழிவாங்கும் வீரனுக்குக் கைச்செலவுக்குக் காசும் வீட்டுக்கு வரும் நேரமும் விதிக்கப்பட்ட வேறொரு பிரதி எனக்குத் தெரியாது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் குறுக்கே வராமல் போகாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். ஆயிரம் கோடி போட்டு எடுக்கிற இன்றைய திறந்த உலக ஆட்டங்கள் பெரும்பாலும் கருப்பொருளின் பட்டியல்கள்தான். மான் உண்டு, மரம் உண்டு, ஆயுதம் உண்டு, உரிப்பொருள் மட்டும் இல்லை. ஷென்மூவுக்கு உரிப்பொருள் இருக்கிறது. அது இருத்தல், அதாவது முல்லை. முல்லையின் சிறுபொழுது மாலை என்பதையும், மதுக்கடை திறப்பது மாலையில்தான் என்பதையும் சேர்த்து நான் சொன்னால் தமிழாசிரிய நண்பர்கள் என்மேல் பாயக்கூடும், பாயட்டும். காத்திருத்தலைப் பெண்ணுக்கு ஒதுக்கிய மரபில் நின்று பார்க்கும்போது, ஓர் ஆண் வீரனைக் காத்திருக்க வைத்ததே ஒரு மீறல். ஆனால் பூக்கடை நொசோமி அவனுக்காகக் காத்திருக்கிறாளே, அந்தக் காத்திருப்புக்கு ஆட்டத்தில் ஒரு பொத்தானும் கிடையாது. அந்த மட்டில் பழைய முல்லைதான்.

எல்லாரும் கேலி செய்த பகுதி துறைமுகம். ரியோ அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கூலிவேலைக்குச் சேர்கிறான். காலையில் பந்தயம், பிறகு பெட்டிகளை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, நண்பகலில் சோற்றுக்கு இடைவேளை, மறுபடி மாலைவரை பெட்டிகள். எத்தனை பெட்டி என்பதைப் பொறுத்துச் சம்பளம். கதை அப்படியே நின்றுவிடுகிறது, சில நாட்கள் இதுதான். 'விளையாட வந்தவன வேலை செய்ய வெச்சுட்டானே' என்று என் நண்பர் சிரித்தார். எனக்கு அந்த இடத்தில்தான் இந்தப் பிரதி யோக்கியமாகத் தோன்றியது. வீரகதையாடல் எதன்மீது நடக்கிறது என்பதை அது ஒரு கணம் திறந்து காட்டிவிடுகிறது. பின்னால் வந்த ஆட்டங்கள் இந்த உழைப்பை எடுத்துக்கொண்டு, அலுப்பை மட்டும் கழித்துவிட்டு, பரிசும் ஒலியும் சேர்த்து முடிவற்ற சில்லறைப் பணிகளாக மாற்றிவிட்டன. அலுப்பு இல்லாத உழைப்பை முதலாளியம் கனவு காண்பதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ஷென்மூவைப் பூப்போட்டுக் கும்பிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. யோகோசுகா எந்த ஊர்? 1945 முதல் அமெரிக்கக் கடற்படை உட்கார்ந்திருக்கும் ஊர், ஏழாவது கப்பற்படையின் தாய்த் துறைமுகம். ரியோ அலையும் டொபுயிட்டா தெரு அந்தத் தளத்தை ஒட்டிப் பிழைத்த தெரு. ஆட்டத்தில் மாலுமிகள் உண்டு, மதுக்கடைகள் உண்டு, ஹாட்டாக் விற்கும் அமெரிக்கன் உண்டு. தளத்துக்குள் மட்டும் நாம் போவதில்லை. இழுப்பறைக்குள் இருக்கும் தீப்பெட்டியைக்கூட எடுத்துத் திருப்பிப் பார்க்க அனுமதிக்கும் இந்த உலகம், தன் இருப்புக்கே காரணமான வேலிக்கு அப்பால் பார்க்கவிடாது. சீனர்களின் நிலையும் இதுவே. புலம்பெயர்ந்த சீனர்களின் 'மூன்று கத்திகள்' பற்றி ரியோவுக்குச் சொல்லப்படுகிறது: சமையல்காரரின் கத்தி, தையல்காரரின் கத்தரி, முடிதிருத்துபவரின் சவரக்கத்தி. அந்நிய ஊரில் பிழைக்க அவர்களுக்குக் கிடைத்த தொழில்கள். எவ்வளவு பெரிய வரலாறு! ஆட்டத்திலோ அவர்கள் துப்பு கேட்பதற்கான முகவரிகள். கேட்டு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

இங்கேதான் எங்கள் மாவட்டத்துப் பிரதி ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம், 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத்தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம், திருவண்ணாமலைக்கு மேற்கே பஸ்ஸில் போகிற தூரம். நவிரமலையைப் பர்வதமலை என்பார்கள். சேயாறு இப்போதும் செய்யாறுதான். இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒருவன், பசியோடு எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எப்படிச் சொல்கிறான்? பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், அதனால் விடிந்த பிறகு போங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும். தினைப்புனம் காப்பவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மறைந்து செல்லுங்கள். பாறை வழுக்கும். இந்தச் சிற்றூரில் உறவினர்போல் நுழைந்தால் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும். மலையில் எழும் ஓசைகளுக்கே ஒரு நீண்ட அடுக்கு உண்டு, நூலின் பெயரே அதிலிருந்து வந்தது.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வித்தியாசம்தான் முக்கியம். ஆற்றுப்படை பன்மையில் பேசுகிறது. கூத்தர், விறலியர், கருவிகளைச் சுமப்பவர்கள் என்று ஒரு கூட்டமே நடக்கிறது. ரியோ தனியாள். அதைவிட ஒரு நுணுக்கம்: பாதை கவர்விடும் இடத்தில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் புதிதாக வருபவர்கள் வழி தப்பாமல் இருக்க, என்று அந்த வழிகாட்டி சொல்கிறான். அடையாளத்தை அரசன் வைக்கவில்லை, நடந்து போகிறவன் வைக்கிறான். அதே வழியில் நடுகற்களும் நிற்கின்றன. செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமி 1972-இல் தொகுத்து வெளியிட்டதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல என்பது தெரியும்.

ஷென்மூவுக்குப் பிறகு நடந்தது இந்தப் புல்முடிச்சின் அழிவு என்றே சொல்வேன். 2001 அக்டோபரில் மூன்றாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வந்தது, திரையின் மூலையில் வட்ட வரைபடம் குடியேறியது. வழி கேட்க ஆள் வேண்டாம். 2007-இல் அசாசின்ஸ் க்ரீட் கோபுரத்தில் ஏறு, முழு வரைபடமும் விரியும் என்றது. நகரத்தை உச்சியிலிருந்து பார்ப்பதற்கும் தெருவில் நடப்பதற்கும் உள்ள பகையை மிஷேல் தெ செர்த்தோ, நியூயார்க்கின் வர்த்தக மையக் கட்டடத்து 110-ஆம் மாடியிலிருந்து பேசத் தொடங்கினார். விளையாட்டுத் தொழில் மாடியின் பக்கம் சேர்ந்துகொண்டது. சேகாவே 2005-இல் தொடங்கிய யாகுசா வரிசைதான் சின்னத் தெரு, நிறைய ஆட்கள் என்கிற ஷென்மூவின் வழியைக் கொஞ்சம் காப்பாற்றியது. ஷென்மூவிடமிருந்து எல்லாரும் அள்ளிக்கொண்டது இன்னொன்றை: திரையில் பொத்தான் மின்னும், சட்டென்று அழுத்து, இல்லையேல் செத்தாய் என்கிற உத்தி. காத்திருக்கக் கற்றுத் தந்த ஆட்டத்திலிருந்து அவசரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2015-இல் மூன்றாம் பாகத்துக்காக 69 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 63 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் அது வந்தது, கதை அப்போதும் முடியவில்லை. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா நடத்திய பொது வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்குமான செல்வாக்கு மிக்க ஆட்டமாக ஷென்மூ தேர்வானது. ரசிகர்கள் டொபுயிட்டா தெருவுக்குப் போய் ரியோ நின்ற இடங்களில் நின்று பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட பயணத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் புனிதத்தல யாத்திரை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் லட்சக்கணக்கான கால்களைப் பார்க்கிற ஊர்க்காரனுக்கு இதில் வியப்பில்லை.

ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. திறந்த உலகம் என்கிறீர்களே, யாருக்கு? சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் வாயில் அடைபடாது என்று சொல்கிறது. சொல்லிவிட்டு, பொருநர்க்கு, புலவர்க்கு, அந்தணர்க்கு என்று ஆளையும் குறிக்கிறது. பட்டியல் போட்ட உடனேயே பட்டியலுக்கு வெளியே ஒருவன் நிற்கத் தொடங்கிவிடுகிறான். இதே திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டம், தென்முடியனூர். அறநிலையத் துறையின் பொறுப்பில் இருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று, காவல்துறை சூழ. ஏறத்தாழ 80 ஆண்டுகள் அந்தக் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. மாலை ஏழு மணிக்குத் திறக்கும் என்று அங்கே பலகை எதுவும் தொங்கவில்லை. ரியோவின் காத்திருப்பை முல்லை என்று எழுதிய என் பேனா இந்தக் காத்திருப்புக்கு எந்தத் திணையை எழுதும்? தொல்காப்பியத்தில் தேடிப் பிரயோசனமில்லை.

செங்கத்திலிருந்து பர்வதமலை அடிவாரத்துக் கடலாடிவரை, மலைபடுகடாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம் என்று நாலைந்து நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். தென்முடியனூர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், அதிகாலை நாலு மணிக்கே கிளம்புவோம் என்கிறார்கள். பெருங்கௌசிகனார் விடிந்த பிறகு போகச் சொல்லியிருக்கிறார் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.